மரக்கடையில் வழிகாட்டிய பெரியவருக்கு நன்றி

பெயரைக் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள், அதனால் இங்கே எழுதுகிறேன். வீட்டில் கட்டும் கயாக் என்ற சிறு துடுப்புப் படகுக்கு விலாச்சட்டம் வளைக்க ஓக் மரம் வேண்டும் என்றதும், சூளையில் உலர்த்திய பலகைகளைத் தாண்டிக் கூட்டிப் போய், ஈரம் காயாத வெள்ளை ஓக்கைக் காட்டினீர்கள். இழை நேராக ஓடுகிறதா என்று ஒவ்வொரு துண்டையும் நீங்களே திருப்பிப் பார்த்தீர்கள். அந்தப் பொறுமை யாருக்கு வரும்!

வளைக்கும் மரத்தை ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் ஆவியில் வைக்க வேண்டும் என்ற கணக்கு எல்லாரும் சொல்வதுதான். ஆனால் ஆவிப் பெட்டியிலிருந்து எடுத்த சில நொடிகளில், மர இழைகளைப் பிணைக்கும் லிக்னின் இறுகத் தொடங்கிவிடும், அதனால் வளைக்கும் அச்சு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்றீர்களே, காரியம் அதில்தான் நடந்தது. சட்டங்கள் எல்லாம் மேல்விளிம்புத் துளைகளில் உட்கார்ந்தாயிற்று. அடுத்து துணி போர்த்த வேண்டும்.

ரொம்ப நன்றி ஐயா. தடித்த கையுறை வாங்கச் சொன்னதற்குத் தனியாக ஒரு நன்றி.