தொப்புளுக்கு இடப்பக்கம்

அன்புள்ள நண்பா,

அம்மாவுக்கு இன்சுலின் ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்கள், இனி வீடே மாறிவிடும் போலிருக்கிறது என்று எழுதியிருந்தாய். மாறும்தான். எங்கள் வீட்டை ஊசியைவிட அதிகம் மாற்றியது என் வாய்.

போன வருஷம் என் மனைவிக்குச் சுகர் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஒருநாள் காலையில் 240, மறுநாள் அதே நேரம் 68. சாப்பாடு, நடை, ஊசி அளவு எதையும் மாற்றவில்லை என்று சொன்னாள். நான் நம்பவில்லை. "ஒளிச்சு ஏதாவது சாப்பிட்டியா?" என்று தினமும் விசாரணை. ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையில் 9.2 வந்த அன்று ரொம்பவே பேசிவிட்டேன். அதற்கப்புறம் கதவைச் சாத்திக்கொண்டுதான் மீட்டர் பார்த்தாள். நோட்டில் மட்டும் அழகழகான பொய் எண்கள் இடம்பிடிக்க ஆரம்பித்தன. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் இருக்கும்; அதில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் அந்தப் பரிசோதனை இரண்டு மூன்று மாதக் கணக்கைச் சொல்லிவிடும். நோட்டும் அதுவும் ஒத்துப்போகாமல் டாக்டரே குழம்பினார்.

கடைசியில் கண்டுபிடித்தது ஒரு நர்ஸ். நோட்டைத் தள்ளி வைத்துவிட்டு வயிற்றைத் தடவிப் பார்த்தார். தொப்புளுக்கு இடப்பக்கம் ரப்பர் மாதிரி தடித்திருந்தது. அங்கே குத்தினால் வலிக்காது என்று வருஷக்கணக்காக அதே இடத்தில் போட்டிருக்கிறாள். தடித்த இடத்தில் போட்ட மருந்து ஒருநாள் ஒழுங்காக ஏறாது, இன்னொரு நாள் நன்றாக ஏறிவிடும். பாவம், அவள் ஒன்றும் திருடித் தின்னவில்லை.

இடத்தை மாற்றியபோது, புது இடத்தில் மருந்து நன்றாக ஏறும் என்று டோஸைக் குறைத்தார்கள். அப்படியும் ஒரு ராத்திரி சுகர் லோ ஆகி, வியர்த்து, கை நடுங்க எழுப்பினாள். 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். அந்த 15 நிமிஷம் இருக்கிறதே! பதற்றத்தில் நான் அள்ளி அள்ளிக் கொடுத்து, விடியும்போது 300. விழுங்க முடியாத அளவுக்கு நினைவு தப்பினால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதே, உடனே ஆஸ்பத்திரிதான்.

அம்மாவுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் அகலமாவது தள்ளிப் போடுங்கள். மிச்சம் பிடிக்க ஒரே ஊசிமுனையைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். அவ்வப்போது அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். பார்ப்பதைவிடத் தடவினால்தான் தெரியும்.

மருந்து தீருவதற்குள் வாங்கி வைப்பதும், டாக்டரிடம் நாள் குறிப்பதும் இப்போது என் வேலை. எண்ணைச் சொல்வதும் சொல்லாததும் அவள் இஷ்டம். நேற்று கதவைத் திறந்து வைத்தே பார்த்தாள். "212" என்றாள். தலையை ஆட்டிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டேன். ஏன் என்று கேட்க நாக்கு துடித்தது என்பதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

முதல் வாரம் எப்படிப் போனது என்று எழுது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

என்றும் உன்,
பழைய பெஞ்ச்காரன்