ஏழாம் நம்பர் பங்கை வாங்கிவிட்டாயா?

அன்புள்ள செந்தில்,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் நலம். நீ வாங்கப்போவதாக அனுப்பிய பங்குப் பட்டியலைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை.

எதை வாங்குவது, என்ன விலைக்கு, எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. விற்பதற்கு மட்டும் ஒரே வரி: "10 சதவீதம் இறங்கினால் ஸ்டாப் லாஸ்." அதாவது விலை அங்கே வந்ததும் தானாக விற்கும் ஆர்டர். சினிமாவுக்குப் போனால்கூட, சட்டென்று வெளியே வர ஓர சீட்டுதான் வேண்டும் என்பவன் நீ! இங்கே நடு வரிசையில் போய் உட்கார்ந்திருக்கிறாயே?

உதாரணத்துக்கு, பட்டியலில் ஏழாம் நம்பரான அந்த கெமிக்கல் பங்கையே பார். விலை 100 ரூபாய், தினசரி விலை வரம்பு 5 சதவீதம்; ஒரே நாளில் அதற்கு மேல் ஏறவோ இறங்கவோ முடியாது. இன்று 95-க்குக் கீழே ஆர்டர் போட்டாலே எக்ஸ்சேஞ்ச் ஏற்காது. ஆகவே 90-ல் ஸ்டாப் லாஸ் வைக்க ஜிடிடிதான் வழி, அதாவது நீ சொன்ன விலை வரும்வரை நாள்கணக்கில் காத்திருந்து ஆர்டர் போடும் வசதி. கெட்ட செய்தி ஒன்று வந்து தினமும் லோயர் சர்க்யூட்டில், அதாவது அன்றைய கீழ் வரம்பில், வாங்க ஆளில்லாமல் பூட்டிக்கொண்டது என்று வை. முதல் நாள் 95, அடுத்த நாள் 90.25, மூன்றாம் நாள் திறக்கும்போதே 85.74. உன் ஜிடிடி அப்போதுதான் விழிக்கும். இதற்குக் கீழே விற்காதே என்று லிமிட் 88 போட்டிருந்தால் அந்த விலைக்கு எவன் வாங்குவான்? லிமிட்டை 85.74-க்கு இறக்கினாலும், முன்பே வந்து நிற்கும் விற்பவர்களுக்குப் பின்னால்தான் உனக்கு இடம். ஐந்தாம் நாள் 77.38.

சர்க்யூட் இல்லாத நல்ல நாளிலும் சிக்கல்தான். தினமும் சுமார் 4,000 பங்கு கைமாறுகிறது. நீ வாங்கப்போவது 2,000. இந்த வால்யூமில் 10 சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் விற்கப் போனால் நீயே விலையை அமுக்குவாய். ஒரு நாளைக்கு 400 வீதம் வெளியே வர ஐந்து நாள். இன்று 20 சதவீத வரம்பில் இருக்கும் பங்கும் எக்ஸ்சேஞ்சின் கண்காணிப்புப் பட்டியலில் சேர்ந்தால் 5-க்கு வந்துவிடலாம், அதையும் மறக்காதே.

அதனால் இந்த மாதிரிப் பங்கில் ஸ்டாப் லாஸை நம்பாதே, அளவைக் குறை. உன் மொத்தம் 20 லட்சம். ஒரு பங்கால் அந்த மொத்தத்தில் 1 சதவீதம், அதாவது 20,000 போனால் தாங்கலாம் என்கிறாய். 10 சதவீதத்தில் வெளியேற முடியும் என்றால் 2 லட்சத்துக்கு வாங்கலாம், சரி. 30 சதவீதம் போன பிறகுதான் வாசல் திறக்கும் என்றால்? சுமார் 66,000 ரூபாய்க்கு, 660 பங்கு. அவ்வளவுதான்டா.

நாலு பொதுத்துறை வங்கிகளை நாலு பங்காக எண்ணாதே. 2024 ஜூன் 4 அன்று நிஃப்டி குறியீடு ஏறத்தாழ 6 சதவீதம் விழுந்தது. பொதுத்துறை வங்கிகள் அதைவிட மோசம். நாலு ஸ்டாப் லாஸும் ஒரே நாளில் அடிபடும். நாலுக்கும் சேர்த்தே அந்த 1 சதவீதம்.

இனி விளையாட்டில்லை. கவிதாவின் காலேஜ் பீஸ் பணமும் இந்த 20 லட்சத்தில் இருக்கிறதா? ஜூனில் கட்டியாக வேண்டிய பணத்துக்கு, விற்கும் நாளைக் காலேஜ் குறித்துவிட்டது. சந்தை எப்படி இருந்தாலும் அன்று விற்றாக வேண்டும். இன்றே எடுத்து டெபாசிட்டில் போடு.

பட்டியலில் ஒவ்வொரு பங்குக்கும் விலை வரம்பு, சராசரி வால்யூம் இரண்டையும் சேர்த்துத் திருப்பி அனுப்பு. ஏழாம் நம்பரை இன்னும் வாங்கவில்லைதானே?

அன்புடன்,
ரவி