ஆசாரிப்பள்ளம் மனநல வார்டுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் ஒருவனுடைய அக்கா நான். போன வருடம் என் தம்பிக்கு, மனநிலை ஒரேயடியாக ஏறி, பிறகு ஒரேயடியாக இறங்கும் நோய் (பைபோலார்) வந்து, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்துப் பார்த்தோம். இப்போது வேலைக்குப் போகிறான், வீட்டில் சண்டை போடுகிறான், சாயங்காலம் கிளப்பில் கேரம் விளையாடுகிறான். உதவியவர்களிடம் நேரில் நன்றி சொன்னால் "அது எங்க ட்யூட்டிதானே" என்று நகர்ந்துவிடுகிறார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். தம்பி படித்துப் பார்த்து, இரண்டு இடங்களை அடித்துவிட்டு, மீதியைப் போடச் சம்மதித்தான். யார் பேரையும் எழுதவில்லை. உரியவர்களுக்குத் தெரியும்.

முதல் நன்றி எங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியருக்கு. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தடுப்பூசி விஷயமாக வந்தவர், முற்றத்தில் நின்று தம்பி பேசுவதைக் கேட்டார். அவன் அப்போது மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தான். ரப்பர் போர்டே தன்னிடம் ஆலோசனை கேட்கிறது என்றான், பழைய ஜீப் ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தான். உறக்கம் போனது எங்களுக்கு உறைக்கவே இல்லை. விடியும் முன்பே வேலைக்குக் கிளம்புகிற பால்வெட்டுக்காரன் வீட்டில் ராத்திரி 2 மணிக்கு விளக்கு எரிவதை யார் கணக்கில் எடுப்பார்கள்? அவர் என்னைத் தனியாக அழைத்து, "எத்தனை மணி நேரம் உறங்குகான்?" என்று கேட்டார். இரண்டு மணி நேரம்கூட இருக்காது என்றேன். "காலையில களைப்பு உண்டா?" இல்லை, முன்பைவிட வேகம் என்றேன். அந்தப் பதிலில்தான் அவர் முகம் மாறியது. உறக்கம் வராமல் தவிப்பது வேறாம், உறக்கமே தேவைப்படாமல் ஓடுவது வேறாம். இரண்டாவதைத் தள்ளிப்போடக் கூடாது, நாளைக்கே கூட்டிப் போங்கள் என்று சொல்லி, எந்த ஓ.பி., எத்தனை மணிக்கு என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

அதற்கு முன்பே ஊரில் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டார்கள். ஏதோ ஏறியிருக்கிறது என்றார்கள். வெளியூரில் ஓர் இடத்தில் கொண்டுபோய்க் கட்டிப்போட்டால் நாற்பது நாளில் தெளியும் என்று ஒருவர் போன் நம்பரே கொடுத்தார். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டியிருந்த 28 பேர் கொட்டகை தீயில் வெந்து செத்தது என் அம்மைக்கு நினைவிருந்தது. "என் பிள்ளைய சங்கிலியில போட விட மாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றாள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 இப்படிச் சங்கிலியில் கட்டுவதை எந்த வடிவிலும் கூடாது என்று தடை செய்திருக்கிறது என்பதெல்லாம் எனக்குப் பிறகு வார்டில்தான் தெரிந்தது. சட்டம் தெரியாமலே சரியாக நின்ற அம்மைக்கும் இங்கே ஒரு நன்றி.

ஆட்டோ அண்ணனுக்கு: வழி முழுக்க அவன் சொன்னதற்கெல்லாம் "கொள்ளாம், கொள்ளாம்" (நல்லது, நல்லது) என்று சொல்லியே ஆசாரிப்பள்ளம் வரை கொண்டுவந்து சேர்த்தீர்கள். வாடகையில் பாதிதான் வாங்கினீர்கள்.

இனி வார்டுக்கு வருகிறேன். சேர்க்கும்போது தம்பி பையில் பால்வெட்டும் கத்தி இருந்தது. தரமாட்டேன் என்று பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். நாங்கள் பிடுங்கப் பார்த்தோம், சிஸ்டர் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். அவர் நேருக்கு நேர் நிற்கவில்லை. ஒரு கை தூரத்துக்கும் அதிகமாக விலகி, கொஞ்சம் பக்கவாட்டில், வாசலை மறைக்காமல் நின்றார். குரலைத் தாழ்த்தி, "தொழில் கத்தியா தம்பி? அது தொலையப்பிடாது. நான் பதிவேட்டுல எழுதிப் பூட்டி வைக்கேன், உனக்குச் சீட்டு தாறேன்" என்றார். பையே கைக்கு வந்துவிட்டது. டிஸ்சார்ஜ் அன்று கத்தியை என்னிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். ஆத்திரத்தில் இருப்பவரிடம் எப்படி நிற்க வேண்டும் என்பதையே நர்சிங் படிப்பில் சொல்லிக் கொடுப்பார்களாம். சும்மா நிற்பதில் இவ்வளவு இருக்கிறதா என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

அவன் சாப்பிடவில்லை. கோபத்தால் இல்லை, ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றுத் தட்டை வைத்தால் இரண்டு வாய், எழுந்து நடை. நாலைந்து நாளில் உடம்பு வற்றிவிட்டது. சிஸ்டர் சொன்ன யோசனை, நடந்துகொண்டே கையில் பிடித்துத் தின்னக்கூடியதாகக் கொடுங்கள் என்பது. சுருட்டிய சப்பாத்தி, அவித்த முட்டை, நம்ம மட்டி வாழைப்பழம். ஒரு சீப்பு மட்டி ஒரு பகலில் போனது. இடையிடையே ஒரு டம்ளர் தண்ணீரோ மோரோ நீட்டுவார்கள், வாங்கிக் குடித்துவிட்டு அவன் பாட்டுக்கு நடப்பான். எவ்வளவு குடித்தான் என்பதைச் சார்ட்டில் குறித்துக்கொள்வார்கள். டிவி சத்தமும் ஆள் நடமாட்டமும் குறைவான மூலைக்குக் கட்டிலை மாற்றினார்கள். இதையெல்லாம் யாரும் சிகிச்சை என்று சொல்லிக் கேட்டதில்லை. எனக்கு இவையும் சிகிச்சைதான்.

ஒரு ராத்திரி அவன் இன்னொரு நோயாளியை அடிக்கப் போனபோது கட்டிலோடு கையைக் கட்டினார்கள். எனக்கு வயிறு கலங்கியது. ட்யூட்டி சிஸ்டர் என்னை உட்காரவைத்து விளக்கினார். உடனே ஆபத்து, வேறு வழியில்லை என்றால் மட்டும், மனநல மருத்துவர் அனுமதித்தால்தான், தேவையான நேரத்துக்கு மட்டும். தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறை என்பதற்காகவோ கூடாது. ஏன், எவ்வளவு நேரம் என்பதையும் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். நான் அவனுடைய நியமனப் பிரதிநிதி (சிகிச்சை விஷயத்தில் அவன் சார்பில் நிற்கச் சட்டப்படி குறிக்கப்பட்ட ஆள்) என்பதால் 24 மணி நேரத்துக்குள் எனக்குத் தெரிவிப்பது அவர்கள் கடமை என்றும் சொன்னார். இடையிடையே வந்து மணிக்கட்டில் விரல் விட்டுப் பார்த்தார், தண்ணீர் கொடுத்தார், விடிவதற்குள் அவிழ்த்துவிட்டார்கள். கட்டுவதைப் பார்ப்பது எனக்கு இன்றைக்கும் சம்மதமில்லை. ஆனாலும் இதற்கும் அந்தப் போன் நம்பர் காரர் சொன்ன சங்கிலிக்கும் உள்ள தூரம் எனக்குப் புரிந்தது.

மறுநாள் நடந்ததுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. ஊசி போட்டபின் அவன் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது, நாக்கு தடித்தது, கண் மேலே செருகியது. வேறொரு நோயாளியின் சொந்தக்காரர் "பாத்தியா, உள்ள இருக்கது வெளிய வருது" என்றார். சிஸ்டர் ஒரு பார்வையில் கண்டுபிடித்தார். வேகத்தை அடக்கப் போடும் ஹாலோபெரிடால் ஊசிக்குச் சிலருக்கு, அதுவும் இளவயது ஆண்களுக்கு, இப்படித் தசை இறுகும். டாக்டரைக் கூப்பிட்டு, அந்த இறுக்கத்தைத் தணிக்கும் ப்ரோமெத்தசின் ஊசி போட்டதும் அரை மணி நேரத்துக்குள் கழுத்து நேரானது. அவன் பயந்து போயிருந்தான். "இது மருந்தால வந்தது, உன்னால இல்ல" என்று அவனிடம் திரும்பத் திரும்பச் சொன்னது அந்தச் சிஸ்டர்தான்.

நர்சிங் மாணவிகளுக்கும் சொல்ல வேண்டும். நம்ம மாவட்டத்தில் நர்சிங் படித்த ஆள் இல்லாத தெரு குறைவு. ஆனால் மனநல வார்டு போஸ்டிங் என்றால் வீட்டில் பயப்படுவார்கள் என்று அந்தப் பிள்ளைகளே சொன்னார்கள். தம்பிக்கு ஒதுக்கிய மாணவி முதல் நாளே, "நான் இந்த வாரம் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் வருவேன் அண்ணா, அதுக்கப்புறம் வேற வார்டு" என்று சொன்னார். இது என்ன, வந்ததும் போவதைப் பேசுவது என்று நினைத்தேன். விட்டுப்போன ஆட்களால் நொந்தவர்களிடம் பிரிவை முன்கூட்டியே சொல்வது முறையாம். ஹில்டெகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்கச் செவிலியர் 1952-இலேயே, செவிலியருக்கும் நோயாளிக்கும் நடுவில் உருவாகும் உறவே சிகிச்சை, அது படிப்படியாக வளர்ந்து ஒழுங்காக முடியவும் வேண்டும் என்று வகுத்து வைத்தாராம். மாணவி அவனோடு பேசியதை வார்த்தைக்கு வார்த்தை எழுதி டீச்சரிடம் காட்டுவார். "ரப்பர் போர்டு கூப்பிடுது" என்று அவன் சொன்னபோது அவர் ஆமாம் போடவும் இல்லை, பொய் என்று வாதாடவும் இல்லை. "உங்களுக்கு அது நிஜமாத் தோணுது. எனக்கு அப்படித் தெரியல. இன்னைக்கு உறக்கம் எப்படி?" என்றார். வெள்ளிக்கிழமை வந்து விடைபெற்றுக்கொண்டுதான் போனார்.

மனநிலையைச் சமனில் வைக்கும் லித்தியம் மாத்திரை தொடங்கியபோது வகுப்பே எடுத்தார்கள். ரத்தத்தில் அதன் அளவு பெரும்பாலும் 0.6-க்கும் 1.2-க்கும் இடையில் நிற்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் விஷம். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். ராத்திரி 8 மணி மாத்திரைக்குக் காலை 8 மணிக்கு லேபில் நிற்க வேண்டும் என்றால் நாங்கள் எந்தப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று வரைக்கும் சிஸ்டர் கணக்குப் பார்த்தார். வேர்த்துக் கொட்டும் வேலை என்பதால் தண்ணீர் குறையக் கூடாது, உப்பைத் திடீரென்று விடக் கூடாது. உடம்பு வலிக்கு மெடிக்கல் ஸ்டோரில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், ஐபுப்ரோபன் கூடாது, அவை லித்தியத்தை ரத்தத்தில் ஏற்றிவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குக் குழறல், தள்ளாட்டம் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே வர வேண்டும். தைராய்டும் கிட்னியும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின் தம்பி கேட்டது ஒன்றே ஒன்று. "கை நடுங்குது சிஸ்டர். கத்தி ஆழமா இறங்கினா மரத்துக்குக் காயமாகும். என்னைய வேலைக்கு வைப்பாங்களா?" அவர் சிரித்து மழுப்பவில்லை. ஒரு தாளைக் கொடுத்து, பட்டையில் வெட்டுகிற மாதிரி சரிவாகக் கோடு போடச் சொன்னார். கோடு லேசாக அலைந்தது. அந்தத் தாளையே ரவுண்ட்ஸில் டாக்டரிடம் காட்டினார். அளவு பார்த்து மருந்தைச் சரிசெய்தார்கள். அடுத்த முறை போனபோதும் கோடு போடச் சொன்னார்.

டாக்டர்கள் கோபிக்க வேண்டாம். நோயைக் கண்டுபிடித்ததும் மருந்தை நிதானமாகக் கூட்டியதும் நீங்கள்தான், கடன்பட்டிருக்கிறோம். ஆனால் ரவுண்ட்ஸ் போனபின் மீதி நாள் முழுக்க அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது சிஸ்டர்மார். நீங்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் அவர்கள் நோட்டிலிருந்துதான் வந்தது.

வீட்டுக்கு வந்து சில வாரங்களில் எதிர்ப்பக்கம், சோர்வுக்குள் சாய்ந்தான். சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். மாவட்ட மனநலத் திட்டக் குழுவினர் எங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வரும் நாளில் கூட்டிப்போனேன். அங்கிருந்தவர் என் முன்னாலேயே, "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சியா?" என்று கேட்டார். கேட்டால் நாமே அந்த எண்ணத்தைக் கொடுத்ததாகிவிடாதா என்று எனக்குப் பதறியது. கேட்டதால் அந்த எண்ணம் புதிதாக வராது, இருந்தால் சொல்ல வழி கிடைக்கும் என்றார். அவன் ஆமாம் என்று தலையசைத்தான். அன்றிலிருந்து தோட்டத்துப் பூச்சிமருந்து, ரப்பர் ஷீட்டுக்குப் பாலை உறைய வைக்கும் ஆசிட், கயிறு எல்லாம் என் பூட்டுக்குள் போயின. மாத்திரையும் என் கையில். ராத்திரி பயமாக இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது என்றார். இரண்டு தரம் கூப்பிட்டேன். ஒரு தரம் எனக்காகவே கூப்பிட்டேன். எடுத்தவருக்கு நன்றி.

தோட்டத்து முதலாளிக்கும் நன்றி. உறக்கம் கெட்டால் நோய் திரும்பும், அதிகாலை வெட்டுக்கு இப்போது வேண்டாம் என்று சிஸ்டர் எழுதிக்கொடுத்த தாளை எடுத்துப் போனேன். அவர் படித்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பகலில் ஷீட் அடிக்கவும், அதைப் புகையில் உலர்த்தும் புகைப்புரையைப் பார்க்கவும் வைத்துக்கொண்டார். இலை உதிர்ந்து வெட்டு நின்ற மாதங்களிலும் வேலை கொடுத்தார். இப்போது டாக்டர் சம்மதத்தோடு வாரத்தில் சில நாள், கொஞ்சம் மரங்கள் மட்டும் வெட்டுகிறான். முந்தின ராத்திரி 8 மணிக்குப் படுத்தால்தான் மறுநாள் போகலாம் என்பது வீட்டில் போட்ட சட்டம்.

தம்பி இன்னொருவரையும் சேர்க்கச் சொல்கிறான். அந்த வார்டைத் துடைக்கும் அக்கா. கட்டிப்போட்டிருந்த ராத்திரி அவன் மூக்கு அரித்தபோது சொறிந்துவிட்டது அவர்தானாம். இது எனக்கே தெரியாது. அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு வரும்போது நேரில் பார்த்துச் சொல்கிறோம்.

நன்றியுடன்,
பால்வெட்டுக்காரனின் அக்கா