பசை வழிந்த டேப்

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குப் பாதிக் காரணம் சோம்பல், மீதிக் காரணம் வலது கட்டைவிரல். பதறாதே, இப்போது ஆறிவிட்டது. முப்பது வருடமாக எந்தத் தவற்றுக்காக உன்னைத் திட்டி வந்தேனோ, அதையே நான் செய்து சுட்டுக்கொண்டேன்.

கைவிளக்கு ஒன்றுக்காக மூன்று 18650 ரக லித்தியம் செல்களைத் தொடராக இணைத்திருந்தேன். பாதுகாப்புச் சர்க்யூட் எதுவும் இன்னும் வைக்கவில்லை. சிவப்பு, கறுப்பு இரண்டு ஒயர்களின் நுனியையும் ஒரேயடியாகச் சீவி, சால்டர் உலோகத்தை உருக்கிப் பூசி, மேசைமேல் போட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடப் போனேன். அது நெற்றிமேல்தான் இருந்தது. திரும்பி வந்து பேட்டரியைத் தூக்கினேன். இரண்டு நுனியும் தொட்டுக்கொண்டன, ஒரு பொறி பறந்தது. நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. பிய்த்து இழுத்தபோது உருகிய உறை விரலில் ஒட்டியது.

“பன்னிரண்டு வோல்ட்தானே, என்ன செய்துவிடும்” என்று நாம் எத்தனை முறை சொல்லியிருப்போம்! ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் செல்களின் உள்மின்தடை ஒவ்வொன்றுக்கும் சில பத்து மில்லி ஓம்தான். ஒயரையும் சேர்த்து மொத்தம் 0.15 ஓம் என்று தாராளமாகவே வைத்துக்கொள். முழுதாகச் சார்ஜ் ஏறிய 12.6 வோல்ட்டுக்கு 84 ஆம்பியர் வருகிறது. நான் போட்டிருந்த ஒயர் 3 ஆம்பியருக்கு மேல் தாங்காத ரகம்.

அன்றிலிருந்து பேட்டரி ஒயர் என்றால் ஒன்றைச் சீவி, ஜாயின்ட் போட்டு, மூடி முடித்த பிறகுதான் அடுத்ததைக் கையில் எடுக்கிறேன். வெட்டும்போதும் அப்படியே. இரண்டையும் சேர்த்து வெட்டினால் கட்டிங் பிளேயரின் வாயே இரண்டுக்கும் பாலமாகிவிடும். என்னிடம் இருக்கும் பிளேயரின் விளிம்பில் ஒரு பிறைப் பள்ளம் உண்டு, நீ பார்த்திருக்கிறாய். அது எப்படி வந்தது என்று நான் உன்னிடம் உண்மையைச் சொன்னதில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். இன்சுலேஷன் டேப் சுற்றிய இடமெல்லாம் ஏன் பிசுபிசுவென்று கறுப்புப் பசை வழிகிறது என்று கேட்டிருந்தாய். அந்த டேப் பி.வி.சி. அதை வளையும்படி வைத்திருக்க ஒரு மென்மையூட்டியைச் சேர்க்கிறார்கள். நாளாக ஆக அது பசைக்குள் இறங்கிப் பசையை இளக்கிவிடுகிறது. வெப்பம் சேர்ந்தால் சீக்கிரமே. பிறகு டேப் தானாக நழுவும், ஓரம் விரியும், உள்ளே இருக்கும் செம்பு எட்டிப் பார்க்கும். டேப்பே கூடாது என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி சுற்று. கடைசிச் சுற்றை மட்டும் இழுக்காமல் படியவிடு. இழுத்து ஒட்டிய நுனி பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும், ஓரம் பெயர்வது அங்கேதான் தொடங்கும். ஆனாலும் டேப் எனக்கு ஒரு மாலை நேரத்துக்கான பொருள்தான். “அப்புறம் சரியாகச் செய்துகொள்ளலாம்” என்று சுற்றியது பத்து வருடம் கழித்தும் அப்படியே கிடக்கும், அதுதான் அதன் கோளாறு.

சூடு காட்டினால் சுருங்கி ஒயரைக் கவ்வும் குழாய் இருக்கிறதே, அந்த ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவுக்கு மாறிவிடு. அது சுருங்குவது ஒரு வேடிக்கையான வித்தை. பாலிஎதிலீன் வகைக் குழாயைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பின்னிவிடுகிறார்கள். பிறகு சூடாக்கி, விரித்து, விரித்த நிலையிலேயே குளிரவைக்கிறார்கள். நாம் மறுபடி சூடு காட்டினால் அது தன் பழைய உடலுக்குத் திரும்புகிறது. சாதாரண ரகம் பாதி விட்டத்துக்குச் சுருங்கும். ஒயர் உறையோடு 2 மி.மீ., ஜாயின்ட் 3 மி.மீ. என்றால் 3.5 மி.மீ. ஸ்லீவ் சரி. அது 1.75 வரை இறங்கும் என்பதால் இருபுறமும் உறையைக் கவ்விப் பிடிக்கும். வெற்றுச் செம்பை மட்டும் மறைத்தால் போதாது, இரண்டு பக்கமும் உறைமேல் அரை சென்டிமீட்டராவது ஏறி உட்கார வேண்டும்.

சால்டர் செய்வதற்கு முன்பே ஸ்லீவை ஒயரில் கோத்துவிட வேண்டும். இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது, நானே பத்தில் மூன்று முறை மறக்கிறேன். பளபளவென்று அருமையான ஜாயின்ட் முடிந்திருக்கும், ஸ்லீவ் மேசையில் கிடந்து என்னைப் பார்க்கும். கோத்த பிறகும் ஜாயின்ட்டிலிருந்து நன்றாகத் தள்ளி வை. செம்பு வழியாகச் சூடு ஓடிவந்து, பாதி வழியிலேயே சுருங்கிப் பிடித்துக்கொண்டால் பிறகு நகராது. மூடுமுன் ஜாயின்ட்டை விரலால் தடவிப் பார். சால்டர் முள்போல் நீட்டிக்கொண்டிருந்தால் சுருங்கும் ஸ்லீவை அதுவே குத்திக் கிழித்துவிடும். மல்டிமீட்டரையும் அப்போதே வைத்துப் பார்த்துவிடு. மோசமான ஜாயின்ட்டையும் ஸ்லீவ் அழகாகத்தான் காட்டும். சூடு காட்டும்போது நடுவில் தொடங்கி ஓரங்களுக்குப் போ, சூட்டுக்காற்றுத் துப்பாக்கி இருந்தால் நல்லது. லைட்டரும் வேலை செய்யும், ஆனால் கரி பிடிக்கும், ஒரே இடத்தில் காட்டினால் ஸ்லீவ் பொசுங்கும்.

சூட்டுப் பசையை ஊற்றி மூடலாமா என்றாய். ஒயர் அசையாமல் பிடிக்க அது நல்லது. சூடேறும் இடத்தில் இளகிவிடும். சிலிக்கான் பூசுவதானால், புளித்த காடி வாசனை அடிக்கும் ரகத்தைத் தொடாதே, அதிலிருந்து வெளியேறும் அமிலம் செம்பை அரிக்கும். பூசிக் காயவிடும் திரவ டேப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கே தடிமனாக வேண்டுமோ, அந்த முனைகளில்தான் அது மெலிந்து போகிறது.

பிளக் மாட்டும்போது மின்சாரம் வரும் பக்கத்துக்கு எப்போதும் குழிவான பாதியை வை. ஜம்பர் ஒயரானாலும் பேட்டரி கனெக்டரானாலும் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி செத்த பக்கத்தில் இருக்கட்டும். உன் சால்டரிங் நிலையத்தின் மின்கம்பி நடுவில் வெடித்திருக்கிறது என்றாயே, அதற்கு ஸ்லீவ், டேப் எதுவும் வேண்டாம். வீட்டு மின்சாரம் ஓடும் கம்பி அது. முழுக் கம்பியையும் மாற்றிவிடு, இதில் நான் உன்னோடு வாதாடப் போவதில்லை.

இன்னொரு செய்தி. எனக்கு நீ முதன்முதலில் செய்து கொடுத்த பவர் சப்ளை கேபிளைப் போன வாரம் எடுத்தேன். நடுவில் நீ சுற்றிய டேப் கூழாகியிருந்தது. ஸ்பிரிட்டில் துடைத்துப் பிரித்தால், உள்ளே இரண்டு ஜாயின்ட்டும் ஒன்றுக்கொன்று எதிரே வராமல், விரல் அகலம் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறாய்! டேப் வழிந்தும் இத்தனை வருடம் அவை தொட்டுக்கொள்ளாதது அதனால்தான். அந்த வயதில் இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஜாயின்ட்டை வெட்ட மனம் வரவில்லை. வெட்டாமல் ஸ்லீவ் கோக்க வேண்டும் என்பதற்காக முனையிலிருந்த இரண்டு பிளக்கையும் கழற்றி, அந்தப் பக்கமாகக் கோத்துக்கொண்டு வந்து மூடினேன். பிறகு பிளக்குகளை மறுபடி சால்டர் செய்தேன். அவற்றின் பிளாஸ்டிக் மூடிகளை முதலில் கோக்க மறந்துபோய், இன்னொரு முறை கழற்றினேன்.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
கதிர்