அம்மிணிக்கு அப்பா எழுதுவது

காங்கயம்
மாசி 3

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. செவலை போன வாரம் கிடாரிக் கன்று போட்டது, குட்டியிடம் சொல்.

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நான் கூப்பிடும்போதெல்லாம் நீ காரில் இருக்கிறாய், ஸ்பீக்கரில் பேசுகிறாய், பக்கத்தில் மாப்பிள்ளையோ உன் மாமனாரோ இருக்கிறார்கள். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்துப் பேனா எடுத்திருக்கிறேன். இதைத் தனியாக இருக்கும்போது படி.

பங்குனியில் கம்பெனிப் பொறுப்பை உன் கையில் கொடுக்கப் போவதாகச் சம்பந்தி சொன்னபோது அம்மா அழுதுவிட்டாள். எண்ணூறு பேர் வேலை செய்கிற பனியன் கம்பெனி. மகன் இருக்கும்போது மருமகளைக் கூப்பிட்டு அந்த நாற்காலியைக் கொடுக்கிற வீடு நம் பக்கத்தில் எத்தனை? எட்டாவது படிக்கும்போதே நம் சாயப்பட்டறைக் கணக்கு நோட்டில் என் கூட்டலைத் திருத்தினவள் நீ. எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஆனால் பொங்கலுக்கு வந்தபோது நீ சரியாகச் சாப்பிடவில்லை. பட்டிப் பொங்கலுக்கு இருந்துவிட்டுப் போ என்று அம்மா சொன்னதற்கு வேலை இருக்கிறது என்றாய். களத்தில் தனியாக நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போதே கேட்டிருக்கலாம். கட்டிக்கொடுத்த வீட்டுத் தொழிலில் பெண்ணைப் பெற்றவன் வாய் வைக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

சரி, வேறு விஷயம். தைப்பூசத்துக்குச் சிவன்மலைத் தேர் பார்க்கப் போயிருந்தோம். கூட்டத்தில் ஒருத்தர் வந்து என் கையைப் பிடித்தார். உங்கள் துணிக்குக் காஜாத் துளை போட்டுப் பட்டன் தைத்துக் கொடுக்கிறாரே, வீட்டு முன்பக்கம் ஆறு மெஷின் வைத்திருப்பவர், அவர்தான். உன் கல்யாணத்தில் இலை எடுக்கும்வரை பந்தியில் நின்றவர். "அம்மிணி நல்லாருக்குதுங்களா" என்று கேட்டார். பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தோம். வரியைப் பற்றிப் பேசினோம், மழை வராததைப் பற்றிப் பேசினோம். ஆறு மெஷினில் நாலைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பில் என்கிற வார்த்தையே அவர் வாயிலிருந்து வரவில்லை.

நானும் தொழில் செய்தவன் கண்ணு. பணம் வரவேண்டியிருக்கிற மனுஷன், பணத்தைப் பற்றிப் பேசாமல் எப்படி நிற்பான் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் கஷ்டம் தெரியாமல் எழுதவில்லை. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக ஏற்றியதும் திருப்பூர் எப்படி ஆனது என்று பார்த்தேன். பாதித் தைத்த சரக்கோடு ஆர்டர் நின்றது, சரக்கு வாங்குகிற பையர் தள்ளுபடி கேட்டான். அவன் தராமல் நாங்கள் எங்கேயிருந்து தருவது என்று நீ கேட்கலாம். கேள்வி நியாயம்தான். ஆனால் பையர் 90 நாள் என்றால் கம்பெனி 120 நாள் என்கிறது, பிரிண்டிங்காரர் தனக்குக் கீழே இருப்பவரிடம் அதற்கு மேல் சொல்கிறார். கீழே வர வர நாள் கூடுகிறது. கடைசியில் நிற்பவருக்குத் தள்ளிவிட ஆள் இல்லை, பேங்க்கிலும் கடன் இல்லை. அவர் மெஷினை விற்கிறார்.

பதிவு செய்த சிறு தொழில்காரருக்கு அதிகம் போனால் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் வருஷச் சட்டமே இருக்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. 2024 ஏப்ரலில் நடப்புக்கு வந்த வருமானவரித் திருத்தப்படி, கொடுக்கிறவரைக்கும் அந்தத் தொகையைச் செலவு என்று கழிக்கவும் முடியாது. உன் ஆடிட்டர் எல்லாம் சொல்லியிருப்பார். ஆனால் இரண்டு மெஷின் வைத்திருக்கிற மனுஷன் உன்மேல் மனு போடுவாரா? போட்டால் அடுத்த வாரம் அவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? அது தெரிந்துதான் எல்லாரும் தள்ளுகிறார்கள். பணம் கேட்டு வந்தால் தையல் சரியில்லை என்று பில்லில் கழித்து டெபிட் போட்டு வாயை அடைக்கிறவர்களும் உண்டு. நீ அதைச் செய்யமாட்டாய். செய்யமாட்டாய்தானே?

காலேஜில் சேர்ந்த வருஷம் நீ வீட்டுக்கு வந்து சொன்னது நினைவிருக்கிறதா? பீளமேட்டில் பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நாலு பேர் 1926இல் சொத்தைப் பிரிக்கும்போது அஞ்சு பங்கு போட்டு, அஞ்சாவதைத் தர்மத்துக்கு எழுதினார்கள், அதில் வந்ததுதான் எங்கள் காலேஜ் என்றாய். நானும் ஒரு நாள் அப்படி ஒரு பங்கு வைப்பேன் என்றாய். வை கண்ணு, நான் இருந்து பார்க்க வேண்டும். ஆனால் அஞ்சாவது பங்கு அப்புறம். கொடுக்க வேண்டியதை முதலில் கொடு. சனிக்கிழமை சம்பளம் சனிக்கிழமையே போக வேண்டும். கூலிக்கு வேலை செய்து கொடுக்கிற ஜாப் ஒர்க்காரர் பில் அதற்கு அடுத்தபடி. வண்டி, ஆபீஸ், கோயிலுக்கு எழுதுகிற தொகை எல்லாம் அதற்குப் பிறகு. சின்ன பில்லை முதலில் பார், பெரிய பில்காரன் தாங்குவான்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று இரண்டு நாளாக யோசித்தேன். இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்ததும் அதனால்தான்.

பட்டறை இருந்த காலத்தில், மழை பெய்கிற ராத்திரி அப்பா எங்கே போகிறார் என்று நீ கேட்பாய். மோட்டார் பார்க்கப் போகிறேன் என்பேன். மோட்டார் பார்க்கப் போகவில்லை அம்மிணி. தொட்டி வால்வைத் திறக்கப் போனேன்.

நொய்யல் ஆற்றில் வெள்ளம் வரும்போது விட்டால் சாயத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. நிறத்தையாவது எப்படியோ எடுத்துவிடலாம். துணியில் சாயம் ஏற மூட்டை மூட்டையாக உப்புப் போடுவோம், அந்த உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. வடிகட்டி வேண்டும், அதில் மிஞ்சுவதைக் காய்ச்ச எவாப்பரேட்டர் வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்தால் கிலோவுக்கு நின்ற லாபம் நிற்காது. ஊரில் எல்லாரும் விடுகிறார்கள், நான் ஒருத்தன் விடாமல் இருந்தால் ஆறு சுத்தமாகிவிடுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தத் தண்ணீர் போய் நின்ற இடம் ஒரத்துப்பாளையம். 1992இல் பாசனத்துக்கென்று கட்டின அணை. கடைசியில் அந்தத் தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்க வேண்டி வந்தது. அப்புச்சி தோட்டத்துக் கிணற்றைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ நீச்சல் பழகினது அதில்தான். தென்னை ஒவ்வொன்றாகக் கருகத் தொடங்கியபோது அப்புச்சி என்னைத் தோப்புக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். "என்னன்னே தெரியலீங் மாப்ள" என்றார். வண்டு விழுந்திருக்குமுங்க மாமா என்றேன். அடுத்த வாரம் நானே மருந்து வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். உப்புக் கரித்தது. குடித்துவிட்டு வந்தேன்.

2011 ஜனவரி கடைசியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஐகோர்ட் உத்தரவு போட்டபோது, நம் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டார்கள் என்று உன்னிடம் சொல்லி அழுதேன். நீயும் என்னோடு அழுதாய். அந்த வருஷம் உனக்கு ஹாஸ்டல் பணம் கட்டினது, அந்த மழை ராத்திரிகளில் மிச்சம் பிடித்த காசிலிருந்துதான். அப்புச்சி கண்ணை மூடும்வரைக்கும் என்னை நல்ல மாப்பிள்ளை என்றே ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு இது தெரியாது. மாமனுக்கும் தெரியாது. சனிக்கிழமை ராத்திரி அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்துக்குப் போய் மாமனிடம் சொல்லப் போகிறேன். அவன் என்ன சொல்வானோ தெரியவில்லை. அந்தக் கிணற்று மேட்டில் வைத்துத்தான் சொல்ல வேண்டும். உன்னால் வர முடிந்தால் வா. என் பக்கத்தில் நிற்க வேண்டாம், மாமன் பக்கத்தில் நின்றுகொள்.

வருகிற வழியில் அந்தக் காஜா பட்டன்காரர் வீட்டுக்கு ஒரு எட்டு போய்விட்டு வா. ஆளை அனுப்பாதே, நீயே போ. அப்பா சொன்னார் என்று சொல்லிவிடாதே, அவர் சங்கடப்படுவார்.

பஸ்ஸில் முருங்கைக்காயும் நெய்யும் அனுப்பியிருக்கிறாள் அம்மா. தூக்குப்போசி அம்மிச்சியுடையது, திருப்பிக் கொண்டுவா.

இப்படிக்கு,
அப்பா