பற்று என் பேரில்

அன்புடையீர், வணக்கம்.

சென்ற சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்கள் ஊர் நூலக மாடியில் பழைய செட்டியார் கணக்கேடுகளைப் பரப்பி வைத்தோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கண்ட ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் தொழிலையும் கொடையையும் பற்றி நானும் ஒரு மணி நேரம் பேசினேன். அரை மணிக்கு மேல் போகாது என்று சொல்லித்தான் மைக்கைப் பிடித்தேன்; பொறுத்துக்கொண்டதற்கு முதல் நன்றி. உதவிய ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நாலாவது போனிலேயே தொண்டை கட்டிக்கொண்டது. ஆகவே இந்த மடல்.

இந்த வேலையில் நான் ஏன் இறங்கினேன் என்று பலர் கேட்டார்கள். 1974இல் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் அண்ணாமலைநகரில் பி.காம். சேர்ந்தவன் நான். அப்பா விவசாயக் கூலி. எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான்தான். முதல் வருஷத் தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் வரை பணம் புரளவில்லை. விடுதி மெஸ்ஸில் சாம்பார் வாளி தூக்கிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், கேட்காமலேயே மடியை அவிழ்த்து ஈரமான நோட்டுகளை எண்ணிக் கொடுத்தார். "வேலைக்குப் போய்க் குடு" என்றார். வேலைக்குப் போய்த் தேடி வந்தபோது அவர் ஊரைவிட்டே போயிருந்தார். முப்பத்தைந்து வருஷம் வங்கிக் கவுன்டரில் அடுத்தவர் கணக்கை நேர் செய்த எனக்கு, இந்த ஒரு கணக்கு மட்டும் இன்னும் நேராகவில்லை.

அந்தப் படிப்பு எந்தப் பணத்தில் வந்தது என்று பார்க்கப் போனபோதுதான் ஏடுகள் என்னைப் பிடித்துக்கொண்டன.

ஏடுகளைக் கொடுத்தவர் செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கத்து ஆச்சி ஒருவர். பெயர் போடக் கூடாது என்று கட்டளை. வீட்டு வளவுக்குள் இரும்புப் பெட்டியைத் திறந்து, வெள்ளைத் துணியில் சுற்றிய நான்கு பேரேடுகளை எடுத்து வைத்தார். "எங்க அய்யா பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனப்ப எழுதுனது. நாலு குடுக்குறேன், நாலு வரணும்" என்றார். தொழிலுக்குக் கடல் கடந்து போவதைத்தான் அவர்கள் கொண்டுவிக்கப் போவது என்பார்கள். ரசீது எழுதித் தரட்டுமா என்றேன். ஆச்சி சிரித்த சிரிப்பில் முன்னாள் வங்கி ஊழியன் கூனிக் குறுகிப் போனேன்.

வாங்கி வந்தாயிற்று, வாசிக்கத் தெரிய வேண்டுமே! எண்ணெல்லாம் தமிழ் எண். ரூபாய்க்கு ௹, வரவுக்கு ௷, பற்றுக்கு ௶. கால், அரைக்கால், வீசம் என்ற பின்னக் குறிகள் கொக்கி கொக்கியாக நிற்கின்றன. பி.காம். படித்தவன் மூன்று நாள் முழித்தேன். ஆச்சி சொல்லித்தான் அந்தக் கணக்குப்பிள்ளை ஐயா கிடைத்தார். வயது எண்பத்தாறு. அவருடைய அப்பா பர்மாவின் பெகு ஊரில், கிட்டங்கி என்கிற வட்டிக்கடைக் கட்டடத்தில், இரண்டாம் நிலை ஆளான அடுத்தாளாக இருந்தவராம். பணப்பெட்டியருகே எடுபிடி வேலை செய்யும் பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, கடைக்குப் பொறுப்பான மேலாளாவதற்குள் ஆயுசில் பாதி போய்விடும். மூன்று வருஷத்துக்குச் சம்பளச் சீட்டு, அதாவது வேலை ஒப்பந்தம். முடிந்து ஊர் திரும்பும்போது, இரண்டு பக்கமும் நேராக வரும் இருப்புக் கணக்கான ஐந்தொகை எழுதிக் காட்ட வேண்டும். ஐயா பேருந்தில் வந்து, பூதக்கண்ணாடி பிடித்து, இரண்டு நோட்டு நிறைய எனக்குப் பெயர்த்துக் கொடுத்தார். காபி தவிர வேறு எதற்கும் கை நீட்டவில்லை.

அவர் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழ் சிவமயம், பிறகு ஆள் ஆளாகப் பற்று வரவு. நடுவில் மகமை என்று ஒரு பேர், அதற்கும் வரவு, அதற்கும் வட்டி. "தம்பி, இது சாமி பணம். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கல்லயும் துளி எடுத்து இதுல போடுவாங்க. இதுக்கும் வட்டி ஏறும். சாமியும் இங்க ஒரு டெபாசிட்காரர்தான்."

ஞாயிற்றுக்கிழமை என் பேச்சில் உருப்படியாக இருந்ததெல்லாம் இந்த ஒரு வரியிலிருந்து வந்தது. கொடை என்பது சம்பாதித்து முடித்து, வயதான பிறகு தோன்றுகிற ஞானம் என்றே நினைத்திருந்தேன். இங்கே அது முதல் நாளிலிருந்தே கணக்கில் உட்கார்ந்திருக்கிறது, வட்டியோடு வளர்கிறது.

அண்ணாமலை செட்டியார் 1881 செப்டம்பர் 30இல் கானாடுகாத்தானில் பிறந்தவர். பர்மா, இலங்கை, மலாயா என்று விரிந்த லேவாதேவிக் குடும்பம். 1906 அக்டோபரில் சென்னையில் வெள்ளைக்காரர் வங்கியான அர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்து, சேமிப்பைப் போட்டவர்கள் தெருவில் நின்றார்கள். நம்மவர் வங்கி ஒன்று வேண்டும் என்று வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்நின்று அடுத்த ஆண்டே இந்தியன் வங்கியை எழுப்பியபோது, தோள் கொடுத்தவர்களில் இவருடைய அண்ணன் ராமசாமி செட்டியாரும் ஒருவர். அண்ணாமலை செட்டியார் பின்னர், இன்றைய ஸ்டேட் வங்கியின் முன்னோடியான இம்பீரியல் வங்கியின் கவர்னர்களில் ஒருவரானார். பெட்டியடியில் சம்மணமிட்டுச் செய்த தொழிலை லிமிடெட் கம்பெனியாக்கிச் செட்டிநாடு வங்கியையும் நிறுவினார். சர் பட்டமும் ராஜா பட்டமும் வந்த கதையை ஓரிரு வாக்கியத்தில் தாண்டிவிட்டேன். அதில் குறைப்பட்டவர்கள் மன்னிக்கவும்.

எனக்கு முக்கியம் 1920. அந்த ஆண்டு சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரி தொடங்கினார். பிறகு தமிழுக்கென்று தனிக் கல்லூரி. 1924 முதல் 1927 வரை அதற்கு உ.வே. சாமிநாதையர் முதல்வர். பிறகு இசைக் கல்லூரி. கடைசியில் இந்தக் கல்லூரிகளையெல்லாம் ஒப்படைத்து, மேலே 20 லட்சம் ரூபாயும் கொடுக்க, தனிச் சட்டத்தின்படி 1929இல் பல்கலைக்கழகம் வந்தது. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம். விடுதி என்ற ஒன்று இல்லாவிட்டால் அந்தச் சாம்பார் வாளி அண்ணனும் இல்லை, நானும் இல்லை. 1931இல் விபுலாநந்தர் தமிழ்ப் பேராசிரியராக வந்ததும், 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் கண்டதும் நான் சொல்லாமல் விட்டவை. பின்வரிசையில் இருந்து எழுந்து அதைச் சொல்லித் திருத்திய இசையாசிரியை அம்மாவுக்கு நன்றி. என்னைவிட நன்றாகவே சொன்னீர்கள்.

இப்போது அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை அக்காவுக்கு வருகிறேன். இவருக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன், கொஞ்சம் கோபமும் பட்டேன்.

சனிக்கிழமை மாலை கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்து, எல்லா ஏட்டையும் சுற்றிப் பார்த்தார். அவர் குடும்பம் அறுபதுகளில் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தது. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். கடன் வாங்குனவன் எங்க? அவன் பேரையும் வாசிங்க" என்றார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்குப் போய்ப் பேச்சுக் குறிப்பை மறுபடி எடுத்தேன். அவர் சொன்னது சரி. என் குறிப்பில் பர்மாக்காரன் ஒருவன்கூட இல்லை.

ஆகவே ஞாயிறு அன்று இதையும் சொன்னேன். 1930 வாக்கில் பர்மாவில் செட்டியார்கள் போட்டிருந்த முதலீடு ஏறக்குறைய 75 கோடி ரூபாய் என்று அப்போதைய வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. பெரும்பாலும் கீழ்ப் பர்மாவின் நெல் விவசாயத்துக்குப் போன கடன். முப்பதுகளின் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, அடமானம் வைத்த நிலம் திரும்பியது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 விழுக்காடு. 1938இல் 25 விழுக்காடு. நிலம் பிடிப்பதற்காகப் போனவர்கள் அல்ல, வட்டிக்கு விடப் போனவர்கள். ஆனாலும் வயலை இழந்தவனுக்கு அந்த வித்தியாசம் ஒன்றும் பெரிதில்லை. பிறகு 1942இல் ஜப்பான்காரன் வந்தான், நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்கள் ஏராளம். விடுதலைக்குப் பிறகு பர்மா அரசு நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது. எந்தச் செட்டியாரின் எந்த ரூபாய் எந்த வயலிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. மரமும் நெல்லும் வட்டியும் கலந்த பணம் அது. அதில் ஒரு துளியில்தான் நான் படித்தேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. செட்டியாருக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பெயர் தெரியாத அந்தப் பெகு விவசாயியை விட்டுவிட்டால் ஐந்தொகை இடிக்கும்.

அக்கா, ஞாயிறு நீங்கள் வரவில்லை. முகூர்த்த நாள், கடையில் கூட்டம் என்று பையன் சொன்னான். நீங்கள் கேட்ட கேள்வியை உங்கள் பெயர் சொல்லாமல் அப்படியே வாசித்தேன். கைதட்டல் வந்தது. அதை உங்களிடம் சேர்ப்பிக்கிறேன்.

மற்றவர்களுக்கு வேகமாகச் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். தருவதாகச் சொன்ன மண்டபம் ஒன்று இரண்டு நாள் முன்னால் கைவிரித்தபோது, மாடியைக் கூட்டித் துடைத்துச் சாவியைக் கையில் கொடுத்த நூலகர் அம்மா. தமிழ் எண்களைச் சார்ட்டில் எழுதி, வந்தவர்களின் வயதையெல்லாம் தமிழ் எண்ணில் எழுதிக் கொடுத்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் (என் வயது ௬௯ என்று எழுதியிருந்தது, பார்க்க இளமையாகத்தான் இருந்தது). சனி மதியம் கரண்ட் போனபோது எங்கிருந்தோ ஒயர் இழுத்து வந்து, "எவ்வளவுப்பா" என்றதற்கு "போங்க சார்" என்ற தம்பி. சுண்டலை வீட்டிலேயே அவித்துக் கொண்டுவந்த என் சம்பந்தியம்மா. ஏட்டைத் தொடாதீர்கள் என்று எழுதியிருந்தும் தொட்டவர்களுக்கு நன்றி கிடையாது.

கணக்கு: நீங்கள் கொடுத்து வரவு ரூ. 14,300. செலவு ரூ. 13,660. மீதி ரூ. 640. கணக்குப்பிள்ளை ஐயாவிடம் இதை என்ன செய்யலாம் என்று கேட்டேன். "மகமைன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன். இந்த வருஷம் அண்ணாமலைநகரில் தேர்வுக் கட்டணத்துக்கு முட்டி நிற்கிற பிள்ளை யாராவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். போதாததை நான் போட்டுக்கொள்கிறேன். அந்த அண்ணனைத் தேடிப் பிடிக்கத்தான் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஏடுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆச்சி துணியைப் பிரித்து எண்ணினார். நாலு. பெட்டியை மூடிவிட்டு, "அடுத்த தடவ மீதி மூணையும் கொண்டு போ" என்றார். ஏழு இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரியும்.

யாரோ மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள், கறுப்புச் சட்டம், இடது காதில் நூல் சுற்றியது. நூலகர் மேசையில் இருக்கிறது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியன்,
சிதம்பரம்