ஏற்காடு நாய்க் கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு, அடிவாரத்திலிருந்து ஒரு மடல்

வணக்கம்.

நான் கோரிமேடு தாண்டி, அடிவாரம் போகிற வழியில் குடியிருக்கிறேன். மே மாதம் வந்தால் மலையேறுகிற வண்டிகள் எங்கள் தெருமுனையிலேயே வரிசை கட்டிவிடும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நானும் கோடை விழாவுக்குப் பலமுறை வந்திருக்கிறேன். மலர்க் கண்காட்சியில் பத்து நிமிடம் நிற்காத என் பையன் நாய்க் கண்காட்சியில் இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றான். அதனால் அதை நிறுத்தச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. பார்த்துவிட்டுக் கீழே இறங்குகிறவர்களுக்கு நீங்கள் இன்னும் கொஞ்சம் சொல்லி அனுப்பவேண்டும், அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

பார்க்கிற எல்லாரும் நாய் வாங்குவதில்லை, சரி. ஆனால் ஆசை அங்கேதான் முளைக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், கோடையிலும் சாயங்காலம் ஸ்வெட்டர் தேடவைக்கும். அந்தக் காற்றில் குளிர் நாட்டு நாயான ஒரு சைபீரியன் ஹஸ்கி நின்றால் யாருக்கும் கண் எடுக்க மனம் வராது. அதே நாய் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு மாடிப்படிக்கு அடியில் வாழவேண்டியிருக்கும் என்று அந்த நேரத்தில் யார் நினைக்கிறார்கள்? சேலத்தில் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிற நாட்கள் உண்டு. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது சூட்டை வெளியே தள்ளவேண்டும், பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு அந்த வழியும் பாதி அடைத்தே கிடக்கிறது. மத்தியானம் தார் ரோட்டில் நடக்கவிட்டால் பாதம் வெந்துபோகும். நம் புறங்கையை ரோட்டில் வைத்து ஐந்து விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயாலும் தாங்க முடியாது.

இதைக் கேள்விப்பட்டு எழுதவில்லை. நான்கு வருடங்களுக்கு முன்பு, கீழேயிருந்து ஏறும்போது வருகிற இரண்டாவது வளைவில், குரங்குகளுக்கு ஜனங்கள் வீசிய பொரியைப் பொறுக்கித் தின்றுகொண்டு ஒரு லாப்ரடார் பொட்டை நின்றது. கழுத்தில் பெல்ட் தடம் இருந்தது, பெல்ட் இல்லை. காம்பெல்லாம் தொங்கிப்போயிருந்தது. குட்டி போடவைத்தே காசு பார்த்துவிட்டு, இனி போடாது என்றானதும் வண்டியில் ஏற்றி வந்து இறக்கிவிட்டிருக்கிறார்கள் என்று மருத்துவர் சொன்னார். போகிற ஒவ்வொரு வெள்ளைக் காரின் பின்னாலும் அது கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது, அதைப் பார்த்த பிறகு எனக்கு வண்டியை எடுக்க மனசு வரவில்லை. அதுதான் இப்போது எங்கள் வீட்டுத் துளசி. காட்டெருமை நடமாடுகிற, லாரியும் பஸ்ஸும் வளைந்து திரும்புகிற ஒரு மலைப்பாதையில் வீட்டு நாயை இறக்கிவிட்டுப் போவது கொலைக்குச் சமம். ஆனால் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் நாயைக் கைவிடுகிறவருக்கு முதல் தடவை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். சட்டம் பயமுறுத்தப் போவதில்லை. ஆகவே வாங்குவதற்கு முன்னால் யாராவது சொல்லித் தடுத்தால்தான் உண்டு, அந்த யாராவது நீங்களாக இருக்க முடியும்.

துளசிக்கு முன்னால் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். கண்காட்சி பார்த்து வந்த அடுத்த வாரமே, பையன் அழுதான் என்று, ஒருவரிடம் குட்டி வாங்கினேன். அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். 50 நாள் குட்டி என்றார், தாய் எங்கே என்று கேட்டதற்கு வெளியூரில் இருக்கிறது என்றார். பல்லைப் பார்த்த மருத்துவர் 35 நாள்கூட இருக்காது என்றார். எட்டாம் நாள் ரத்தமாகக் கழிந்தது, பார்வோ என்கிற குடல் தொற்றுநோய், இரண்டு நாளில் செத்துப்போனது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது என்பது எனக்கு அதற்கப்புறம்தான் தெரியும். பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், தடுப்பூசி முடியாத இன்னொரு குட்டியை அதே வீட்டுக்குக் கொண்டுவந்தால் அதுவும் போய்விடலாம் என்பதும் அப்படியே.

அதனால் என் முதல் கோரிக்கை, கண்காட்சி வாசலில் ஒரு மேசை போடுங்கள். குட்டியைத் தாயோடு சேர்த்துப் பார்க்காமல் வாங்காதே, தாய் முறைத்தால் அல்லது மிரண்டு ஒளிந்தால் யோசி, ஆறு எட்டு வாரத்தில் முதல் ஊசி, அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக நான்கு மாதம் வரை, மூன்று மாதம் ஆனதும் வெறிநோய் ஊசி, பிறகு வருடாவருடம், நடுவில் பூச்சி மருந்து என்று யாராவது உட்கார்ந்து வாயால் சொல்லட்டும். துண்டுச்சீட்டு கொடுத்தால் அதில் பஜ்ஜி மடித்துச் சாப்பிட்டுவிடுவார்கள், நேரில் சொல்வதுதான் நிற்கும். நம் ஊர் வெயிலுக்கென்றே உடம்பு வாய்த்த சிப்பிப்பாறை, கன்னி என்கிற நாட்டு நாய்களை அந்த மேசைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். அவையும் ஓட இடம் கேட்கும் நாய்கள், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாதவையாக இருக்கும், பின்னால் நின்று கை தட்டிப் பார்க்கவேண்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தால் என் மைத்துனர் தன் நாயைச் சொன்ன பேச்சு கேட்காத நாய் என்று ஆறு மாதம் அடித்திருக்கமாட்டார்.

இரண்டாவது, பரிசு. அழகுக்கும் உயரத்துக்கும் கோப்பை கொடுக்கிறபோது, சங்கிலியை இழுக்காமல் இன்னொரு நாயைத் தாண்டி நடக்கிற நாய்க்கும், ஊசி அட்டையைத் தவறாமல் வைத்திருக்கிற வீட்டுக்கும் அதே அளவு கோப்பை ஒன்று கொடுங்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு வெள்ளிப் பட்டறை வாசலில் ராட்வீலர் ஒன்றை இரண்டடிச் சங்கிலியில் பகலெல்லாம் கட்டிவைத்திருந்தார்கள், காவலுக்காம். பழகாமல், நடக்காமல், ஆளைப் பார்க்காமல் வளர்ந்த நாய் ஒருநாள் அறுத்துக்கொண்டு பால்காரரைத் தொடையில் கடித்தது. குட்டி மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை பார்க்கிற மனிதர்களும் கேட்கிற சத்தங்களும்தான் அதன் குணத்தில் பெரும்பங்கு, அந்த நாட்களைக் கட்டிப்போட்டுக் கழித்துவிட்டுப் பிறகு அதைக் கொடூர நாய் என்பது நியாயமே இல்லை. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவுப்படி, வளர்க்கிற பிராணியால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். பட்டறைக்காரருக்கு இது தெரியாது. பால்காரருக்கும் தெரியாது.

கடைசியாகச் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் முக்கியம். பிள்ளைகள். துளசி பரம சாது என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அது சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஐந்து வயதுப் பாப்பா பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாள், முன்கையில் இரண்டு பல் இறங்கிவிட்டது. பட்டினி கிடந்த நாய், தட்டுக்குப் பக்கத்தில் யாரையும் விடாது என்று நான் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கேட்டைச் சாத்தாமல் விட்டது நான். அவள் அம்மாயி சுண்ணாம்போடு ஓடிவந்தார்கள், இன்னொருவர் காப்பித்தூள் வைக்கச் சொன்னார், நான் குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவியபடியே இருந்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறிநோய் ஊசியை இலவசமாகத்தான் போட்டார்கள், அன்று ஒன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள். துளசிக்கு ஊசி போட்டிருந்தும் மருத்துவர் ஒன்றைக்கூட விடவில்லை, ஏனென்றால் வெறிநோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் அப்புறம் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. நாலு தடவையும் நான்தான் பாப்பாவைக் கூட்டிப்போனேன். "பரவாயில்லீங்கண்ணா" என்று அவள் அம்மா சொன்னபோது எனக்குத் தலை நிமிரவில்லை.

கண்காட்சிக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் சின்னப் பிள்ளைகள். தின்கிற நாயை, தூங்குகிற நாயை, குட்டியோடு இருக்கிற நாயைத் தொடாதே, தொடுவதற்கு முன்னால் வளர்க்கிறவரைக் கேள், துரத்தினால் ஓடாமல் கையைக் கட்டி மரம் மாதிரி நில், கடித்தால் மறைக்காமல் வீட்டில் சொல். மேடையில் மைக் இருக்கிறது, நாய்கள் வந்து போகிற இடைவெளியில் இதை மூன்று முறை சொல்லக் கால் மணி நேரம் ஆகாது.

துளசியை நான் கூட்டிவரமாட்டேன், கூட்டம் என்றால் அதற்கு உடம்பு நடுங்கும். ஆனால் அந்த மேசையைப் போடுவதாக இருந்தால், விழா நடக்கிற அத்தனை நாளும் காலை முதல் பஸ்ஸில் மலையேறி வந்து அங்கே உட்கார நான் தயார். பையனும் வருகிறேன் என்கிறான்.